நாலேகாலுக்கு இருட்டும் ஊரில் நாலைந்து தையல்

கனடாவின் எட்மன்டனில் டிசம்பர் மூன்றாவது வாரம் சூரியன் எழும்போது மணி எட்டே முக்காலைத் தாண்டியிருக்கும். சாயங்காலம் நாலேகாலுக்கெல்லாம் கிளம்பிவிடும். நடுவில் கிடைக்கும் ஏழரை மணி நேரத்தில் பெரும்பகுதி ஆபீசில் கழிகிறது. ஆக, என் வீட்டு ஜன்னலில் பகல் வெளிச்சத்தை நான் பார்ப்பது சனி, ஞாயிறில்தான். தையல் பற்றி எழுத உட்கார்ந்தவள் எதற்கு வானிலை அறிக்கை வாசிக்கிறாள் என்று தோன்றலாம். இந்த ஊரில் நவம்பர் முதல் மார்ச் வரை கிராஸ் ஸ்டிச், அதாவது கட்டத்துக்கு ஒரு பெருக்கல் குறியாகப் போடும் தையல், போடுகிறவர்கள் ஊசி, நூலைத் தேடுவதற்கு முன்னால் வெளிச்சத்தைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

இந்தக் குளிர்காலத்தில் என்னிடம் நான்கு வேலைகள் நடப்பில் இருக்கின்றன. கறுப்புத் துணியில் ஒரு வடதுருவ ஒளி, வடக்கே இரவு வானத்தில் திரைபோல ஆடுமே, அது. பக்கத்து வீட்டுப் பாட்டியோடு சேர்ந்து ஒரு உக்ரேனியத் துண்டு. தங்கை குழந்தைக்கு ஒரு பெயர்ச் சித்திரம். ரயிலில் போகும்போது போட சின்னச் சின்ன கிறிஸ்துமஸ் தொங்கட்டான்கள். இவை போக ஒரு கோபுரம் இன்னும் துணிக்கே வராமல் கட்டத்தாளில் கிடக்கிறது. வீடியோ காலில் இதையெல்லாம் காட்டினால் அம்மா ஒரே கேள்வியைத்தான் கேட்பார்: “ஒண்ணை முடிச்சிட்டு இன்னொண்ணை எடுக்கக் கூடாதாடி?”

மதுரையில் உட்கார்ந்துகொண்டு கேட்பதற்கு நல்ல கேள்விதான். அங்கே ஜனவரியிலும் ஆறு மணி வரை வாசல்படியில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோர்க்கலாம். இங்கே ஒரே வேலையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், அதற்கேற்ற வெளிச்சம் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். பல வேலைகளை ஒரே சமயத்தில் வைத்திருப்பதை ஒழுங்கின்மை என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது அட்டவணை. வெளிச்சம் போட்டுத் தருகிற அட்டவணை.

கறுப்புத் துணியை எடுத்துக்கொள்வோம். நம் ஊரில் மேட்டி துணி என்று வாங்குவோமே, கட்டம் கட்டமாகத் துளை தெரியும்படி நெய்தது, அதன் சீரான வடிவம்தான் ஐடா துணி. ஒரு அங்குலத்துக்கு 14 கட்டம் உள்ளதுதான் எல்லாரும் பழகுவது. 11, 16, 18 என்றும் உண்டு. எண் கூடக் கூடக் கட்டம் சின்னதாகும். வெள்ளையில் 14 என்றால் கண்ணுக்குச் சிரமமே இல்லை. அதே 14 கறுப்பில் என்றால் துளையும் கறுப்பு, துணியும் கறுப்பு. மேசை விளக்கை எவ்வளவு பக்கத்தில் இழுத்தாலும் வெளிச்சம் மேலே விழுந்து அப்படியே போய்விடும், துளை தெரியாது. இதற்குப் பழைய வழி ஒன்று உண்டு: மடியில் ஒரு வெள்ளைத் துண்டை விரித்துக்கொண்டு அதன்மேல் துணியைப் பிடிப்பது. வெள்ளை கீழிருந்து எட்டிப் பார்க்கும், துளைகள் சின்னச் சின்ன வெண்புள்ளிகளாக வரிசையில் வரும். ஆனால் அந்த வெள்ளைத் துண்டின்மேல் விழவும் வெளிச்சம் வேண்டும். பனி கொட்டிக் கிடக்கும் பகலில் ஜன்னல் ஓரத்தில் கிடைக்கும் வெளிச்சத்துக்கு ஈடு எந்த விளக்கிலும் இல்லை. வெளியே தரையெல்லாம் வெள்ளையாக இருப்பதால் கீழிருந்தும் வெளிச்சம் வரும். குளிர்காலத்தைத் திட்டுகிறவர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

சிக்கல் துளையோடு நிற்பதில்லை. வடதுருவ ஒளியில் கண்ணைப் பறிப்பது பச்சையும் ஊதாவும்தான் என்றாலும், பாதிக்கு மேல் வேலை இருட்டு வானத்தில் இருக்கிறது. டிஎம்சி என்ற பிரெஞ்சுக் கம்பெனி நூலில் 310 என்றால் கறுப்பு. 939 மிக அடர்ந்த கடல்நீலம். 3371 கறுப்பை ஒட்டிய காப்பிக்கொட்டை நிறம். பகலில் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தெளிவாக வேறு வேறு. மஞ்சள் பல்பின் கீழே வைத்தால் மூன்றும் கூடப் பிறந்தவை. பகல் வெளிச்சம் தரும் எல்ஈடி விளக்குகள் வந்துவிட்டன, என்னிடமும் ஒன்று இருக்கிறது. அதன் கீழே 939-ஐயும் 310-ஐயும் பிரித்துவிடலாம் என்று விற்கிறவர்கள் சொல்வார்கள். பிரிக்கலாம், இரவு எட்டு மணிவரை. அதற்கு மேல் விளக்கு சரியாகத்தான் இருக்கும், கண் ஒத்துழைக்காது. அதனால் வடதுருவ ஒளி சனிக்கிழமை பகலுக்கு என்று ஒதுக்கியாகிவிட்டது. வானத்தின் இடது பாதி நிரம்பியிருக்கிறது, பச்சைத் திரையின் முதல் மடிப்பு தெரிய ஆரம்பித்திருக்கிறது.

இந்த நூல் எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. டிஎம்சி 1746-ல், இன்று பிரான்சில் இருக்கும் அல்சாஸ் பகுதியில், மியூலூஸ் நகரத்தில் தொடங்கிய கம்பெனி. இன்று அதன் பருத்தி நூலில் ஐந்நூறு நிறம். ஒவ்வொரு கட்டிலும் 8 மீட்டர், ஆறு இழை. பிரித்து வேண்டிய இழையை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும், 14 கட்டத் துணிக்குப் பெரும்பாலும் இரண்டு இழை. நம் ஊரில் பெட்டிக்கடை மாதிரி இருக்கும் ஃபேன்சி ஸ்டோரிலும் கிடைப்பது ஆங்கர் நூல். அது மதுரா கோட்ஸ் நூல். மதுரைக்காரர்களுக்கு அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஹார்வி மில்தான். மதுரா மில்ஸ் 1974-ல் ஸ்காட்லாந்தின் கோட்ஸ் கம்பெனியோடு இணைந்து மதுரா கோட்ஸ் ஆனது. டிஎம்சி 310-க்கு ஆங்கரில் 403, டிஎம்சி 666-க்கு ஆங்கரில் 46 என்று ஒப்பீட்டு அட்டவணை எல்லா இடத்திலும் கிடைக்கும். கறுப்புக்கு அது சரி. சிவப்புக்கு அதை நம்பிப் பாதி வேலையில் நூல் மாற்றாதீர்கள். அட்டவணை சொல்வது அருகில் உள்ள நிறத்தைத்தான். பக்கத்தில் பக்கத்தில் வரும்போது எல்லை கோடு போட்டதுபோலத் தெரிந்துவிடும்.

சிவப்பு என்றதும் பக்கத்து வீட்டுப் பாட்டியின் துண்டுக்கு வந்துவிட்டேன்.

எட்மன்டனுக்குக் கிழக்கே எட்னா-ஸ்டார் என்றொரு பகுதி உண்டு. 1894 வாக்கில் உக்ரேனியக் குடும்பங்கள் வந்து கூட்டமாகக் குடியேறிய இடம், கனடாவில் அப்படி அமைந்த முதல் குடியிருப்பு அதுதான். பாட்டியின் தாத்தா பாட்டி அங்கே வந்து இறங்கியவர்கள். எண்பதைத் தாண்டியவர், தெருவில் எல்லாரும் ‘பாபா’ என்றே கூப்பிடுவோம். அவர்கள் பேச்சில் பாட்டிக்கு அதுதான் பெயர். ருஷ்னிக் என்பது நீளவாக்கில் நெய்த துண்டு, இரண்டு முனையிலும் பூவேலை இருக்கும். சாமி படத்துக்கு மாலைபோலப் போடுவார்கள், விருந்தாளிக்கு ரொட்டியும் உப்பும் அதன்மேல் வைத்து நீட்டுவார்கள், கல்யாணத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் அதன்மேல் நிற்பார்கள். பாபா தன் பேத்தி கல்யாணத்துக்கு என்று ஒரு முனையைப் போட்டு முடித்துவிட்டார். மூட்டுவலி விரலுக்கு ஏறிவிட்டதால் மறு முனை என்னிடம் வந்தது. ஆகஸ்டில் கல்யாணம்.

இது கேட்க எளிதாக இருக்கும். இன்னொருவர் போட்ட தையலுக்கு ஜோடி போட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். கிராஸ் ஸ்டிச்சில் ஒரு விதி உண்டு, மற்ற எதை விட்டாலும் இதை விட முடியாது: பெருக்கல் குறியின் இரண்டு காலில் மேலே படியும் கால், துணி முழுக்க ஒரே பக்கம் சாய வேண்டும். வெளிச்சம் நூலின் மேல் பட்டுத் திரும்பும் விதம் அதில்தான் இருக்கிறது. ஒரு கட்டம் திசை மாறினாலும் அதே நூல் வேறு நிறமாகத் தெரியும். என் மேல்கால் வலப்பக்கம் சாயும், பள்ளிக்கூடத்தில் கைவேலை டீச்சர் சொல்லிக்கொடுத்த வழி. பாபாவின் மேல்கால் இடப்பக்கம் சாயும். துண்டை மடித்து இரண்டு முனையையும் சேர்த்துத் தொங்கவிடும்போது இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வரும். ஆகவே இந்த வேலைக்கு மட்டும் என் கை திரும்பிப் போட வேண்டும். அப்புறம் இழுப்பு. பாபா நூலை இறுக்கி இழுப்பவர், அவர் தையல் துணியில் பதிந்து கிடக்கிறது. நான் சற்றுத் தளர்வாக விடுவேன். ஒரு வரிசை போட்டதும் அவர் முனையைப் பக்கத்தில் வைத்து, சுட்டுவிரலால் இரண்டையும் மாறி மாறித் தடவிப் பார்த்துக்கொள்வேன். இந்த விஷயத்தில் கண்ணைவிட விரலுக்கு நியாயம் அதிகம்.

முதல் தடவை காட்டியபோது பாபா முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. திருப்பி, பின்பக்கத்தில் எங்கேயாவது நாலு கட்டத்துக்கு மேல் நூல் தாவியிருக்கிறதா என்றுதான் தேடினார். தாவியிருந்தால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்டேன். “கல்யாணத்தன்று அந்தப் பெண்ணின் செருப்பு அதில் மாட்டும்” என்றார். இதைவிட உபயோகமான காரணத்தை இதுவரை எந்தத் தையல் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

சிவப்பு நூல் அவர் எப்போதோ வாங்கியது, எண் எழுதிய காகிதப் பட்டை போய்விட்டது. மிச்சமும் இல்லை. 321, 498, 666, 817 என்று நாலு சிவப்பை வாங்கி வந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜன்னல் ஓரத்தில் அவர் தையலின்மேல் ஒவ்வொன்றாகப் படுக்கவைத்துப் பார்த்தோம். 666 கத்துகிறது. 498 இருண்டுவிடுகிறது. 817-ல் செங்கல் வாடை. 321 ஏறக்குறையப் பொருந்தியது, கொஞ்சம் புதுசாகத் தெரிந்ததோடு சரி. “தோய்த்தால் இரண்டும் ஒன்றாகிவிடும்” என்றார் பாபா. தோய்ப்பதுதான் எனக்குக் கவலை. அடர் சிவப்பு நூல் சாயம் விடுவதற்குப் பேர்போனது. நூலை நனைத்து வெள்ளைப் பருத்தித் துணியில் அழுத்திப் பார்க்க வேண்டும். சாயம் வந்தால் குளிர்ந்த தண்ணீரில் அலசிக்கொண்டே இருக்க வேண்டும், தண்ணீர் தெளியும்வரை. ஊறப்போட்டுவிட்டு நகர்ந்தால் தண்ணீரில் இறங்கிய சாயம் வெள்ளையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

கோலம் அழகானது. கறுப்பு, சிவப்பில் சாய்சதுரங்கள், எட்டு முனை நட்சத்திரம், ஓரத்தில் கொத்துக் கொத்தாகக் கலினா என்ற சிவப்புப் பழம். ரோஜாவும் கொடியும் போட்ட ருஷ்னிக்குகளும் நிறைய உண்டு, அவற்றின் கதை வேறு. மாஸ்கோவில் ப்ரோக்கார் என்ற பிரெஞ்சுக்காரர் நடத்திய சோப்புக் கம்பெனி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், சோப்புக் காகிதங்களில் கிராஸ் ஸ்டிச் கட்டப்படங்களை அச்சடித்து விற்றது. மலிவான சோப்பு, கிராமம் கிராமமாகப் போனது. காகிதத்திலிருந்த ரோஜா துணியில் ஏறியது. இரண்டு தலைமுறையில் அது ‘நம்ம பாட்டி காலத்துக் கோலம்’ ஆகிவிட்டது. மரபுக் கோலம் பற்றி யாராவது ரொம்ப உறுதியாகப் பேசினால் எனக்கு அந்த சோப்புக் காகிதம் ஞாபகம் வரும். பாபாவிடம் சொன்னேன், அவருக்கு முன்னாலேயே தெரிந்திருந்தது. அதனால்தான் ரோஜா போடவில்லையாம்.

இந்த வேலை வாரநாள் இரவுக்கு உகந்தது. வெள்ளைத் துணி, இரண்டே நிறம், ஒரே கோலம் திரும்பத் திரும்ப வருகிறது. இரண்டு முறை போட்டதும் தாளைப் பார்க்க வேண்டியதே இல்லை. கண் அசந்த நேரத்திலும் கை எண்ணிக்கொண்டு போகும்.

குழந்தைக்கான பெயர்ச் சித்திரம் அப்படி இல்லை. அதற்கு வெளிச்சமும் வேண்டும், தலையும் வேண்டும். இந்தக் குளிர்காலத்தில் எனக்கு அதிகம் பிடித்த வேலையும் அதுதான்.

லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் 1598-ல் ஜேன் பாஸ்டாக் என்ற பெண் தைத்த ஒரு துணி இருக்கிறது. தேதி போட்ட பிரிட்டிஷ் மாதிரித் தையல்களில் பழையது. அதில் ஆலிஸ் லீ என்ற குழந்தை 1596 நவம்பர் 23, செவ்வாய்க்கிழமை பிற்பகல் பிறந்தாள் என்று தைத்திருக்கிறது. குழந்தை பிறந்த நாளைத் துணியில் எழுதும் வழக்கத்துக்கு அத்தனை வயது. அதிலுள்ள எழுத்து வரிசையில் இன்றைய ஆங்கிலத்தின் ஜே, யு, இசட் மூன்றும் இல்லை. அதற்குப் பின் வந்த நானூறு வருஷத்தில் ரோமன் எழுத்தைக் கட்டத்தில் எப்படியெல்லாம் போடலாம் என்று ஆயிரம் வழி கண்டுபிடித்துவிட்டார்கள். ஐந்து கட்ட உயரத்திலிருந்து ஐம்பது கட்டம் வரை எது வேண்டுமானாலும் தயாராகக் கிடைக்கும். தமிழுக்கு நாமேதான் கட்டத்தாளை விரித்து உட்கார வேண்டும்.

உட்கார்ந்தால்தான் நம் எழுத்தின் குணம் தெரிகிறது. ட கிராஸ் ஸ்டிச்சுக்கென்றே பிறந்த எழுத்து: கீழே ஒரு கோடு, பக்கத்தில் ஒரு கோடு, முடிந்தது. ப-வும் அப்படியே. ய, ம கொஞ்சம் வளைந்து கொடுத்தால் போதும். க-வுக்குள் ஒரு முடிச்சு இருக்கிறது, ஏழு கட்ட உயரத்தில் அதை அடைக்க முயன்றால் ஓட்டை மூடிக்கொண்டுவிடும். ண எழுத ஆரம்பித்தால் அகலத்துக்கு முடிவே இல்லை. மேலே ஏறும் இகரமும் கீழே இறங்கும் உகரமும் தனியாக இடம் கேட்கும். எழுத்தின் உடம்புக்கு ஒன்பது கட்டம், மேலே நாலு, கீழே நாலு என்று வைத்தபோதுதான் எல்லாரும் மூச்சுவிட்டார்கள். ஐந்து எழுத்துப் பெயருக்கு ஏறக்குறைய 65 கட்ட அகலம் வருகிறது, 14 கட்டத் துணியில் நாலரை அங்குலத்துக்குச் சற்றே மேல். குழந்தையின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. அதில் ஒரு ழ இருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன், என் ஜனவரி ஞாயிறுகள் எங்கே போயின என்று புரிந்துவிடும். ழ-வின் கீழ்ச்சுழி முழுக் கட்டத்தில் வராது. கட்டத்தின் கால்பங்கில் மட்டும் போடும் தையல் போட்டுப் பார்த்தேன், மூளியாக இருந்தது. கடைசியில் வளைவின் வெளி ஓரத்தில் ஒரே இழையில் கோடுபோல ஓடும் பின்தையல் ஓட்டியதும் சரியாக உட்கார்ந்தது.

அடுத்து புள்ளி. ஒற்றெழுத்தின் தலையில் ஒரு கட்டத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டால் அது புள்ளியா, பக்கத்து எழுத்திலிருந்து தெறித்த கட்டமா என்று தெரியவில்லை. நாலு கட்டம் சேர்த்துப் போட்டால் தலையில் பாறாங்கல். ஊசியில் நூலை இரண்டு சுற்றுச் சுற்றி அதே இடத்தில் குத்தி இறக்கும் ஃப்ரெஞ்ச் நாட் போட்டேன். அது துணியிலிருந்து மேலே எழும்பி நிற்கும். இப்போது அந்தப் பெயரைக் கண்ணை மூடிக்கொண்டு தடவினால் ஒற்று எங்கே என்று விரலுக்குத் தெரியும்.

ஓரக்கோலத்துக்கு வேறொன்று தோன்றியது. ஓலையில் எழுதிப் பழகித்தான் நம் எழுத்துகள் இப்படி வளைந்தன என்பார்கள். அதற்கு முந்தைய தமிழ் பிராமியில் பெரும்பாலும் நேர்க்கோடுகள். அதில் க என்பது ஒரு கூட்டல் குறி, அவ்வளவுதான். அதைச் சற்றே சாய்த்தால் ஒரு கிராஸ் ஸ்டிச். மதுரைக்குத் தென்கிழக்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி, கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் ஆதன் என்ற பெயரைக் கீறி வைத்திருப்பதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். பானையில் பெயர் எழுதிய ஊர்க்காரர்கள் துணியில் எழுதினால் வேண்டாம் என்றா சொல்வார்கள்? குழந்தையின் பெயரையே தமிழ் பிராமியில் நாலு பக்கமும் திரும்பத் திரும்ப ஓடவிட்டிருக்கிறேன். ழ, ள, ற, ன நான்குக்கும் அந்தக் காலத்திலேயே தனி எழுத்து இருந்தது, ஆகவே இந்த இடத்தில் ழ தகராறு செய்யவில்லை. அம்மா வீடியோவில் பார்த்துவிட்டு, “பார்டர் நல்லா இருக்கு, என்ன டிசைன் இது?” என்றார். உன் பேத்தி பேரும்மா என்றேன். “யாருக்குடி புரியும்?”

புரியாமல் இருப்பதற்கும் ஒரு பயன் உண்டு. பிரிட்டிஷ் ராணுவ மேஜர் அலெக்சிஸ் காஸ்டாக்லி 1941-ல் கிரீட் தீவில் ஜெர்மானியரிடம் பிடிபட்டவர். அந்த டிசம்பரில் சிறைமுகாமில், பிய்ந்துபோன ஒரு ஸ்வெட்டரிலிருந்து உருவிய நூலைக்கொண்டு ஒரு துணி தைத்தார். நடுவில் தன் பெயரும், சிறைப்பட்டிருக்கும் விவரமும். ஓரத்தில் புள்ளியும் கோடுமாக ஒரு கோலம். காவலர்களுக்கு அது பிடித்துப்போய்க் காட்சிக்கு மாட்டிவைத்தார்கள். புள்ளியும் கோடும் தந்திக்குப் பயன்பட்ட மோர்ஸ் குறிகள். ஒரு வரிசையில் ‘கடவுள் அரசரைக் காக்கட்டும்’. இன்னொரு வரிசையில் ஹிட்லருக்கு ஒரு கெட்ட வார்த்தை. குளிர்காலத் தையல்காரர்களில் என் ஓட்டு அவருக்குத்தான்.

தொங்கட்டான்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. உள்ளங்கைக்குள் அடங்கும் சின்ன மணி, பனிச்செதில், நட்சத்திரம். ஆபீஸ் போகிற ரயிலில் போட்டுக் கிறிஸ்துமஸுக்குக் கொடுத்தவை போக மிச்சம் அடுத்த வருஷத்துக்கு. கையுறையைக் கழற்றிய விரல் இயல்புக்கு வர ஒரு ஸ்டேஷன் ஆகும், அதற்கப்புறம்தான் ஊசியை எடுக்க முடியும்.

விரலைச் சொன்னதால் குளிர்காலத்தின் இன்னொரு தொல்லையையும் சொல்லிவிடுகிறேன். வெளியே மைனஸ் 25 இருக்கும்போது அந்தக் காற்றில் ஈரமே இருக்காது. அதை உள்ளே இழுத்து ஹீட்டரால் சூடாக்கினால் இன்னும் வறண்டுபோகும். தோல் வெடிக்கும். வெடித்த விரல்நுனி நூலின் இழையைப் பிடித்து இழுக்கும், நூல் பஞ்சு பஞ்சாகிவிடும். வெட்டிப்போட்ட துண்டு இழைகள் மின்னூட்டத்தில் சட்டைக் கையில் ஒட்டிக்கொண்டு ஆபீஸ் வரை கூட வரும். க்ரீம் தடவலாம், ஆனால் தடவிய கையோடு துணியைத் தொட்டால் அந்தப் பிசுக்கில் அழுக்கு பிடிக்கும். படுக்கப் போகும்போது தடவுவதுதான் சரி. நூலை விரல்நுனியிலிருந்து முழங்கைவரை மட்டும் வெட்ட வேண்டும், நீளம் கூடினால் கடைசிப் பாதி நைந்து வரும். ஈர ஸ்பாஞ்சின்மேல் ஒருமுறை இழுத்துவிட்டுக் கோர்த்தால் அடங்கிப் படியும்.

இந்தக் குளிரில் மட்டும் நடக்கும் வேடிக்கை ஒன்றும் உண்டு. பெரிய வேலைகளில் பத்துக்குப் பத்துக் கட்டமாகக் கோடு போட்டுக்கொண்டால் எண்ணுவது சுலபம். சூட்டில் அழியும் ஃப்ரிக்‌ஷன் பேனாவால் போடுகிறவர்கள் நிறையப் பேர். வேலை முடிந்ததும் இஸ்திரி போட்டால், 60 டிகிரிச் சூட்டில் கோடு மாயமாகிவிடும். மாயம்தான், போகவில்லை. அந்த மை மிகவும் குளிர்ந்தால் நிறம் திரும்பிவிடும். ஒரு வெட்டுத்துணியில் கட்டம் போட்டு, இஸ்திரி போட்டு, பளிச்சென்று வெள்ளையானதும் மைனஸ் 28 இருந்த ஒரு ராத்திரி பால்கனிக் கம்பியில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டேன். காலையில் எடுத்தால் கட்டம் அத்தனையும் அங்கேயே இருந்தது. மதுரையில் இருப்பவர்கள் ஃப்ரீசரில் வைத்துப் பார்க்கலாம். இங்கே தபாலில் அனுப்பினாலும், காரில் ஒரு ராத்திரி விட்டாலும் பரிசுப் பொருளில் கட்டம் முளைத்துவிடும். தண்ணீரில் போகும் நீலப் பேனாவே நல்லது. அதில் வரிசை நேர்மாறு: முதலில் குளிர்ந்த தண்ணீரில் கோட்டைப் போக்க வேண்டும், அதற்கப்புறம்தான் இஸ்திரி. முந்திக்கொண்டு சூடு காட்டினால் நீலம் நிலைத்துவிடும்.

கோபுரம் பாக்கி. தம்பி அன்பாக ஒரு படம் எடுத்து, ஏதோ மென்பொருளில் போட்டு, மீனாட்சியம்மன் கோபுரத்தைக் கட்டப்படமாக மாற்றி அனுப்பினான். 200-க்கு 250 கட்டம், அதாவது 50,000 தையல். அது பரவாயில்லை, பல வருஷ வேலை என்று எடுத்துக்கொள்ளலாம். நிறம் தொண்ணூறு. மென்பொருளுக்குக் கோபுரமும் தெரியாது, பொம்மையும் தெரியாது. ஒவ்வொரு கட்டத்துக்கும் படத்தில் உள்ளதற்கு நெருங்கிய நிறத்தைக் கொடுத்துக்கொண்டே போயிருக்கிறது. ஒரு கட்டம் ஒரு நிறம், அடுத்த கட்டம் இன்னொரு நிறம், காகிதத் துணுக்கை வாரி இறைத்த மாதிரி. ஒவ்வொன்றுக்கும் நூல் மாற்றி, பின்னால் முடித்து, மறுபடி தொடங்கி, தள்ளி நின்று பார்த்தால் சாம்பல் நிறத்தில் ஒரு மேடு தெரியும். புகைப்படத்தை அப்படியே கட்டமாக்கும் வேலையை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. கை வரைந்த கட்டப்படத்தில் எதை விடுவது என்று ஒருவர் முடிவெடுத்திருப்பார், அந்த விடுதலில்தான் உருவம் பிறக்கிறது. பதினாலு நிறத்தில் நானே மறுபடி வரைந்துகொண்டிருக்கிறேன், இப்போதைக்கு இரண்டு நிலை முடிந்திருக்கிறது. பென்சில் வேலைக்கு எந்த வெளிச்சமும் போதும், ராத்திரி பத்து மணிக்கு மேல் அதுதான்.

வேறு விதமாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். சக்கரம் சுழற்றி விழுந்த வேலையை எடுப்பவர்கள், ஒவ்வொன்றுக்கும் பத்து மணி நேரம் என்று கணக்கு வைப்பவர்கள், எத்தனை சதவீதம் முடிந்தது என்று சொல்லும் செயலியைத் தட்டிக்கொண்டிருப்பவர்கள். சதவீதம் எனக்கு ஒட்டவில்லை. ழ-வின் சுழி சரியாக வந்த ஞாயிற்றுக்கிழமை, செயலிக் கணக்குப்படி நான் ஒன்றுமே செய்யவில்லை. இன்னொரு கூட்டம் தினமும் அன்றைய வெப்பநிலைக்கு ஒரு நிறம் என்று வருஷம் முழுக்க ஒரு வரிசை போடும். எட்மன்டனில் போட்டால் ஊதாவிலிருந்து சிவப்பு வரை எல்லாம் வரும். மதுரையில் போட்டால் இரண்டு நிற நூல் போதும், செலவு மிச்சம்.

பிப்ரவரி கடைசி வாரத்தில் நிலவரம் இது: பெயர்ச் சித்திரம் முடிந்து கண்ணாடிச் சட்டத்துக்குப் போயிருக்கிறது. ருஷ்னிக்கில் கலினா பழ வரிசை மட்டும் மிச்சம். அதைத் தோய்ப்பது தன் வீட்டுத் தொட்டியில்தான் நடக்க வேண்டும், தான் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று பாபா சொல்லிவிட்டார். மார்ச் இரண்டாவது ஞாயிறு கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் போகும், சாயங்காலம் ஏழரை வரை வெளிச்சம் இருக்கும். கறுப்புத் துணிக்கு வாரநாள் மாலையும் கிடைத்துவிடும். வானத்தின் வலது பாதிக்கு 939 போதாது, இன்னும் மூன்று கட்டு வாங்க வேண்டும்.